தெரபி நோட்டுல இருக்குற வார்த்தைங்கள எப்படி படிக்கிறது: ஆட்டிசம் பிள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கு

செஷன் முடிஞ்சு வெளிய வரும்போது மிஸ் ஒரு நோட்ட குடுப்பாங்க, அதுல "மேண்ட் 14, டாக்ட் 60 பர்சன்ட், எஸ்கேப் பிஹேவியர் 3 தடவ, பிராம்ப்ட் ஃபேட் பண்ணிட்டு இருக்கோம், வீட்டுல எக்ஸ்டிங்ஷன் கன்டினியூ பண்ணுங்க"ன்னு எழுதியிருக்கும். நாம என்ன பண்ணுவோம், கீழ ஒரு கையெழுத்து போட்டு பைக்குள்ள தள்ளிட்டு பிள்ளைய தூக்கிட்டு ஆட்டோ புடிக்க ஓடுவோம். அந்த நோட்ட படிக்கிறதுக்குத்தான் இது. ஒண்ணும் பெரிய படிப்பு வேணாம், கொஞ்சம் வார்த்தைங்க, அவ்ளோதான், ஆனா அது தெரிஞ்சா ரெண்டு வேல நடக்கும். சென்டர்ல பண்றத வீட்டுலயும் பண்ணலாம், அதவிட முக்கியமா "இத ஏன் பண்றீங்க, எப்ப நிறுத்துவீங்க"ன்னு மிஸ்கிட்ட தைரியமா கேக்கலாம். நானும் ஒரு அம்மாதான், தெரபிஸ்ட் கெடையாது, அதனால புக்குல இருக்குற வரிசையில சொல்லாம, வீட்டுல எது மொதல்ல தேவைப்படுமோ அந்த வரிசையில சொல்றேன்.

இந்த நோட்டுல வர்ற வார்த்தையெல்லாம் ஏபிஏங்கிற தெரபியோடது, ஏபிஏன்னா அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ். ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் எலி, புறாவ எல்லாம் வெச்சு பாத்தது ஒண்ணு இருக்கு, ஒரு செயலுக்கு அப்புறம் என்ன கெடைக்குதோ அத பொறுத்து அந்த செயல் அடுத்த தடவ கூடும் இல்லன்னா கொறையும். அத மனுஷங்க அன்றாட வாழ்க்கைக்கு கொண்டுவந்ததுதான் ஏபிஏ. கீழ வர்ற வார்த்தை எல்லாமே இதோட கிளைங்கதான்.

மொதல்ல பிஹேவியர்

நாம பிஹேவியர்னா சேட்டை, அடம்னு நெனைக்கிறோம். நோட்டுல அப்படி இல்ல, பாக்க முடியற எண்ண முடியற எதுவா இருந்தாலும் பிஹேவியர்தான், கை கழுவுறது பிஹேவியர், கூப்டா திரும்பி பாக்குறது பிஹேவியர், சட்டைய கடிக்கிறதும் பிஹேவியர். "ரொம்ப அடம் புடிச்சான்"ன்னு எழுதுனா அது பிஹேவியர் இல்ல, அது நம்ம அபிப்பிராயம். "தரையில படுத்து 4 நிமிஷம் கத்தினான், தலைய ரெண்டு தடவ செவுத்துல முட்டினான்", இதுதான் பிஹேவியர். எழுதினத உங்க மாமியார்கிட்டயும் ஸ்கூல் ஆயாகிட்டயும் குடுத்தா, ரெண்டு பேரும் ஒரே மாதிரி எண்ணணும், அப்பதான் அது சரியா எழுதினது. இத ஆபரேஷனல் டெஃபனிஷன்னு சொல்லுவாங்க. கூடவே ஃபிரீக்வென்சின்னு இருந்தா எத்தன தடவ, டியூரேஷன்னா எவ்ளோ நேரம், லேட்டன்சின்னா நாம சொன்னதுக்கு அப்புறம் ஆரம்பிக்க எவ்ளோ நேரம் எடுத்தான்னு அர்த்தம். இதுல டியூரேஷன கண்டிப்பா கேளுங்க, ஏன்னா போன மாசமும் அழுகை 3 தடவ இந்த மாசமும் 3 தடவன்னா ஒண்ணும் மாறலன்னு தோணும், ஆனா அப்ப ஒவ்வொண்ணும் அரை மணி நேரம், இப்ப அஞ்சு நிமிஷம்னா அது பெரிய மாற்றம்.

ஏபிசி எழுதுறது எப்படி

ஏ-ன்னா ஆண்டிசிடென்ட், அதாவது செயலுக்கு கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சு. பி-ன்னா பிஹேவியர். சி-ன்னா கான்சிக்குவென்ஸ், செயலுக்கு உடனே பின்னாடி என்ன நடந்துச்சு. கான்சிக்குவென்ஸ்னா தண்டனைன்னு நெனச்சுக்காதீங்க, பின்னாடி நடந்தது எதுவா இருந்தாலும் சி-தான், நாம சிரிச்சது, ஓடி வந்தது, விட்டுக் குடுத்தது எல்லாம்.

ஒரு பழைய நோட்ட எடுத்து மூணு கோடு போட்டுக்கோங்க, ஒரு வாரம் எழுதுங்க, எழுத நேரம் இல்லன்னா வாட்ஸப்புல உங்களுக்கே வாய்ஸ் போட்டு வெச்சுட்டு ராத்திரி எழுதுங்க. ரெண்டு வரி காட்டுறேன். "சாயங்காலம் 6.40, அக்காகூட போன்ல பேசிட்டு இருந்தேன். டம்ளர தூக்கி வீசினான். போன வெச்சிட்டு ஓடிப்போய் கையப் புடிச்சு ஏன்டா இப்படி பண்றன்னு கேட்டேன்." அடுத்தது, "காலைல 7.15, பல்லு தேய்க்க பிரஷ்ஷ எடுத்துட்டு கிட்ட போனேன். பிரஷ்ஷ புடுங்கி வீசினான். சரி இன்னைக்கு வாய் கொப்பளிச்சா போதும்னு விட்டேன்." ரெண்டுலயும் வீசுறதுதான், வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு "பையனுக்கு வீசுற பழக்கம்"னு ஒரே பேரு. ஆனா மொதல்ல வீசினப்ப அம்மா கெடைச்சாங்க, ரெண்டாவதுல பல்லு தேய்க்கிறது போச்சு. இந்த வித்தியாசத்துக்குத்தான் ஃபங்ஷன்னு பேரு, என்ன கேட்டா இந்த முழு விஷயத்துலயும் ஒரே ஒரு வார்த்தைதான் கத்துக்க முடியும்னா ஃபங்ஷன கத்துக்கோங்கன்னு சொல்லுவேன்.

பொதுவா நாலு ஃபங்ஷன் சொல்லுவாங்க. அட்டென்ஷன், யாராவது நம்மள பாக்கணும், திட்டினாலும் அது அட்டென்ஷன்தான். எஸ்கேப், புடிக்காத வேலையில இருந்து, சத்தத்துல இருந்து, கூட்டத்துல இருந்து தப்பிக்கணும். டேஞ்சிபிள், ஒரு பொருளோ போனோ வெளிய போறதோ வேணும். நாலாவது சென்சரி, சிலர் ஆட்டோமேட்டிக்னு எழுதுவாங்க, அதாவது யாரும் எதுவும் குடுக்க வேணாம், அந்த செயலே உடம்புக்கு சுகமா இருக்கு இல்லன்னா ஏதோ ஒரு அவஸ்தைய தணிக்குது. சுத்தி யாருமே இல்லாதப்பவும் அது நடக்குதான்னு பாருங்க, நடந்தா பெரும்பாலும் இதுதான்.

ஃபங்ஷன் தெரியாம வைத்தியம் பண்ணா தலைகீழா போகும். எழுத சொன்னா பேப்பர கிழிக்கிற பிள்ளைய மிஸ் வெளிய கொண்டுபோய் உக்கார வெச்சா அது தண்டனையா, அவனுக்கு அதுதானே வேணும், நாளைக்கு இன்னும் சீக்கிரம் கிழிப்பான். இப்படி தள்ளி உக்கார வைக்கிறதுக்கு டைம் அவுட்னு பேரு, அதே டைம் அவுட் அட்டென்ஷனுக்காக பண்ற பிள்ளைக்கு வேற மாதிரி வேல செய்யும். மேல சொன்ன ரெண்டு வீசுறதுக்கும் வழி வேற வேற: மொதலாவதுக்கு, போன எடுக்குறதுக்கு முன்னாடியே அவன்கூட கொஞ்ச நேரம் உக்காந்துட்டு, முந்தானைய புடிச்சு இழுத்தாலோ "அம்மா"ன்னு கூப்டாலோ உடனே திரும்பி பாக்குறதுன்னு பழக்கணும். ரெண்டாவதுக்கு, மொதல்ல பேஸ்ட் எரியுதான்னு பாக்கணும், காரம் இல்லாத பேஸ்ட், மெத்துனு பிரஷ், ரெண்டே பல்லு தேய்ச்சதும் முடிஞ்சது போலாம்னு நாமளே விட்டுடணும், நாளாக நாளாக பல்லு எண்ணிக்கைய கூட்டணும்.

இங்க ஒரு விஷயம், இது தெரபி வார்த்தை இல்லன்னாலும் சொல்லியே ஆகணும். இதுவரைக்கும் இல்லாத ஒரு பிஹேவியர் திடீர்னு வந்தா, இல்ல இருந்தது திடீர்னு அதிகமானா, ஏபிசி எழுதுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட காட்டுங்க. காது வலி, பல்லு சொத்தை, மலச்சிக்கல், தூக்கம் இல்லாம போறது, வயசு பொண்ணுங்கன்னா பீரியட்ஸ் வலி, இதெல்லாம் வாயால சொல்ல முடியாத பிள்ளை தலைய முட்டித்தான் சொல்லும். மலச்சிக்கலும் தூக்கப் பிரச்சனையும் ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு ரொம்ப சகஜம். வலிக்கு ஸ்டார் சேத்து பரிசு வாங்குற டோக்கன் போர்டு மருந்து இல்ல.

ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்

ஒரு செயலுக்கு அப்புறம் ஏதோ நடந்து, அதனால அந்த செயல் அடுத்த தடவ கூடுச்சுன்னா அதுக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னு பேரு. கூடலன்னா நீங்க என்னதான் குடுத்திருந்தாலும் அது ரீஇன்ஃபோர்சர் இல்ல. "சாக்லேட் குடுக்குறோம் ஒண்ணும் நடக்க மாட்டேங்குது"ன்னா சாக்லேட் அந்த பிள்ளைக்கு ரீஇன்ஃபோர்சர் இல்ல, சாக்லேட் வெறும் சாக்லேட். இதுல பாசிட்டிவ் நெகட்டிவ்னு ரெண்டு வரும், எல்லாரும் கொழப்பிக்கிற எடம். பாசிட்டிவ்னா ஒண்ண சேக்குறது, நெகட்டிவ்னா ஒண்ண எடுத்துடுறது, ரெண்டுமே செயல கூட்டத்தான் செய்யும். நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா அடிக்கிறதுன்னு சொல்லிட்டு திரியாதீங்க. காதப் பொத்திக்கிட்டு "வேணாம்"னு சொன்னதும் மிக்சிய நிறுத்துறீங்க, அடுத்த தடவ கத்தாம "வேணாம்"னு சொல்றான், இதுதான் நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட், நல்ல விஷயம்தானே.

இதுல நாமளும் மாட்டிக்கிட்டு இருக்கோம், அத யாரும் சொல்லித் தர்றதில்ல. கடையில கத்துறான், போன குடுக்குறோம், கத்தல் நின்னுச்சு. அவனுக்கு போன் கெடைச்சுது, அது அவனோட பாசிட்டிவ். நமக்கு கத்தலும் சுத்தி நிக்கிறவங்க பார்வையும் போச்சு, அது நம்மளோட நெகட்டிவ். ஒரே நேரத்துல அவன் கத்தறதும் கூடுது, நாம போன் குடுக்குறதும் கூடுது. ஏபிசி எழுதும்போது உங்கள பத்தியும் எழுதுங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

எது ரீஇன்ஃபோர்சர்னு கண்டுபுடிக்க நோட்டுல பிரிஃபரன்ஸ் அசெஸ்மென்ட்னு போட்டிருப்பாங்க. வீட்டுல சுலபமா பண்ணலாம், ரெண்டு ரெண்டா பொருள முன்னாடி வெச்சு எத எடுக்குறான்னு பாருங்க, முறுக்கா திராட்சையா, பபுள்ஸா ஊஞ்சலா, மாத்தி மாத்தி வெச்சு குறிச்சுக்கோங்க. வாரா வாரம் இது மாறும். திங்கிற பொருள்னா ஒரு முறுக்க எட்டா ஒடச்சு ஒரு துண்டு, அதுக்கு மேல வேணாம், வயிறு நெறஞ்சா அது ரீஇன்ஃபோர்சரா இருக்காது, இத சேஷியேஷன்னு சொல்லுவாங்க. இதுக்கு எதிர்பக்கமா சில எடத்துல பசியோட கூட்டிட்டு வாங்க, காலைல சாப்பாடு குடுக்காதீங்கன்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க. சாப்பாடு, தண்ணி, பாத்ரூம், அம்மா மடி, இதெல்லாம் பிள்ளையோட உரிமை, சம்பாதிச்சு வாங்க வேண்டிய பொருள் இல்ல.

லஞ்சம் குடுக்குறீங்களேன்னு பெரியவங்க கேப்பாங்க. கத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் "நிறுத்து, தர்றேன்"னு காட்டுனா அது லஞ்சம். செய்யறதுக்கு முன்னாடியே பேசி வெச்சு, செஞ்ச உடனே, ரெண்டு மூணு செகண்டுக்குள்ள குடுத்தா அது ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். குடுக்கும்போது "சூப்பர், நீயே செருப்பு போட்டுட்ட"ன்னு என்ன செஞ்சான்னு சேத்து சொல்லுங்க, வெறும் குட் பாய் வேணாம். கொஞ்ச நாள்ல முறுக்க விட்டுட்டு அந்த சந்தோஷமே போதும்ங்கிற எடத்துக்கு வரணும். மொதல்ல ஒவ்வொரு தடவையும் குடுக்கறது கன்டினியூவஸ், அப்புறம் எப்பவாவது ஒரு தடவ குடுக்கறது இன்டர்மிட்டன்ட்.

ஃபர்ஸ்ட் தென்னு ஒரு போர்டு இருக்கும், "மொதல்ல சட்டை, அப்புறம் ஊஞ்சல்". இதுக்கு பிரீமாக் பிரின்சிபிள்னு பேரு, டேவிட் பிரீமாக்ங்கிற சைக்காலஜிஸ்ட் பேருல வந்தது, இங்கிலீஷ்லயே இத பாட்டி ரூல்னுதான் கேலியா சொல்லுவாங்க. டோக்கன் போர்டு இதோட நீளமான வடிவம், அஞ்சு ஸ்டார் சேந்தா ஒரு பபுள்ஸ். குடுத்த டோக்கன திரும்ப புடுங்காதீங்க.

எக்ஸ்டிங்ஷன்: வீட்டுல ரொம்ப தப்பா நடக்குறது

ஒரு செயலுக்கு இதுவரைக்கும் கெடச்சிட்டு இருந்தது இனிமே கெடைக்காதுன்னு ஆக்குறது எக்ஸ்டிங்ஷன். நோட்டுல "இக்னோர் பண்ணுங்க"ன்னு ஒரே வார்த்தையில எழுதிடுவாங்க, நாமளும் பிள்ளையவே பாக்காம மூஞ்ச திருப்பிக்குவோம். அது இல்ல. அட்டென்ஷனுக்காக பண்ற கத்தல்னா கத்தலுக்கு பதில் கெடையாது, பிள்ளைக்கு உண்டு. எஸ்கேப்புக்காக பண்ற கத்தல இக்னோர் பண்ணி வேலைய எடுத்து வெச்சிட்டீங்கன்னா நீங்க எக்ஸ்டிங்ஷன் பண்ணல, அவன் கேட்டத குடுத்துட்டீங்க. சென்சரிக்காக பண்றத இக்னோர் பண்றதுல அர்த்தமே இல்ல, அவன் உங்ககிட்ட எதுவும் கேக்கல.

அடுத்தது எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட். ரிமோட் வேல செய்யலன்னா உடனே கீழ வைக்கிறோமா, அழுத்தி அழுத்தி பாத்து, உள்ளங்கையில நாலு தட்டு தட்டி, பேட்டரிய உருட்டி விட்டு அப்புறம்தானே விடுறோம். பிள்ளையும் பல நேரம் அப்படித்தான், குறையறதுக்கு முன்னாடி கத்தல் ஏறும், அது வரைக்கும் பண்ணாத புது விஷயம்கூட பண்ணும், அடிக்கும் கடிக்கும். இது வரும்னு தெரியாம ஆரம்பிச்சிட்டு, மூணாவது நாள் உச்சத்துல தாத்தா மனசு கேக்காம போன குடுத்தார்னா அவ்ளோதான், "இவ்ளோ சத்தமா கத்துனா கெடைக்கும்"னு கத்துக்கிட்டான், பழைய சத்தத்துக்கு திரும்ப மாட்டான். எப்பவாவது ஒரு தடவ கெடைக்கிறதுதான் ஒரு பழக்கத்த ரொம்ப கெட்டியா புடிச்சு வைக்கும், மேல சொன்ன இன்டர்மிட்டன்ட் இதுக்கும் பொருந்தும். அதனால வீட்டுல இருக்குற எல்லாரையும், தாத்தா பாட்டி சித்தி உள்பட, உக்கார வெச்சு பேசி ஒத்துக்கிட்டா மட்டும் ஆரம்பிங்க. ஒத்து வரலன்னா ஆரம்பிக்கவே வேணாம், முன்னாடி நடக்குறத, அதாவது ஏ-வ மாத்துற வழிய பாருங்க. தலைய முட்டுறது, தன்னையே கடிக்கிறது, ரோட்டுக்கு ஓடுறது இதுக்கெல்லாம் வீட்டுல தனியா எக்ஸ்டிங்ஷன் பண்ணவே கூடாது.

எக்ஸ்டிங்ஷன தனியா எழுதியிருந்தா மிஸ்கிட்ட ஒரே கேள்வி கேளுங்க: "இதுக்கு பதிலா என்ன கத்துத் தர்றீங்க?" அந்த பதிலுக்கு ரீப்ளேஸ்மென்ட் பிஹேவியர்னு பேரு. எட்வர்ட் கார், மார்க் டியூராண்ட்னு ரெண்டு பேர் 1985-ல காட்டுனது இதுதான், எதுக்காக அந்த பிஹேவியரோ அதையே கேக்கறதுக்கு பிள்ளைக்கு ஒரு வழி கத்துக் குடுத்தா பிரச்சனை கொறையுது. இத ஃபங்ஷனல் கம்யூனிகேஷன் டிரெயினிங்னு, சுருக்கமா எஃப்சிடின்னு எழுதுவாங்க. பேப்பர கிழிக்கிறவனுக்கு "பிரேக்"னு ஒரு கார்டு, கார்ட நீட்டுன உடனே பிரேக் குடுக்கணும், ஆரம்பத்துல நூறு தடவ நீட்டுனாலும் குடுக்கணும், அப்புறம்தான் மெதுவா "இன்னும் ஒரு வரி, அப்புறம் பிரேக்". டிஆர்ஏன்னு இருந்தா இந்த மாதிரி நல்ல மாற்றுக்கு ரீஇன்ஃபோர்ஸ் பண்றது, டிஆர்ஓன்னா இவ்ளோ நேரம் அந்த பிஹேவியர் வராம இருந்தா ரீஇன்ஃபோர்ஸ் பண்றது. எனக்கு டிஆர்ஏதான் புடிக்கும், அதுல பிள்ளை ஏதாவது ஒண்ணு கத்துக்குது, டிஆர்ஓ-ல சும்மா இருக்கக் கத்துக்குது.

பிராம்ப்ட்

பிராம்ப்ட்னா பிள்ளை சரியா செய்யறதுக்கு நாம குடுக்குற உதவி. நோட்டுல ஒண்ணு ரெண்டு எழுத்தா இருக்கும்: எஃப்பின்னா ஃபுல் பிசிகல், கைமேல கை வெச்சு முழுசா செய்ய வைக்கிறது. பிபின்னா பார்ஷியல், முழங்கைய லேசா தள்ளி விடுறது. எம்-னா மாடல், நாம செஞ்சு காட்டுறது. ஜி-ன்னா ஜெஸ்சர், விரல் நீட்டி காட்டுறது. வி-ன்னா வெர்பல், வாயால சொல்றது, சில சென்டர்ல விஷுவலுக்கும் வி போடுவாங்க, கேட்டு வெச்சுக்கோங்க. ஐ-ன்னா இன்டிபென்டன்ட், தானா செஞ்சான். மொத்த பக்கத்துலயும் நாம தேட வேண்டியது இந்த ஐ-யதான். "கலர் 90 பர்சன்ட்"னு இருக்கும், உள்ள பாத்தா எல்லாம் எஃப்பி, அப்படின்னா 90 பர்சன்ட் மிஸ் செஞ்சது.

உதவிய கொஞ்சம் கொஞ்சமா எடுக்குறது ஃபேடிங். எடுக்கலன்னா பிராம்ப்ட் டிபென்டன்ஸி, பிள்ளை நம்ம மூஞ்சிய பாத்துட்டே உக்காந்திருக்கும். நம்ம வீட்டுல ரொம்ப நடக்குறது வெர்பல் பிராம்ப்ட், "கை கழுவு, சோப்பு எடு, எடுடா, தேய், இன்னும் தேய், தண்ணி ஊத்து"ன்னு வாய் மூடாம சொல்லிட்டே இருப்போம், அப்புறம் சொன்னாத்தான் செய்வான். எடுக்குறதுக்கு கஷ்டமான பிராம்ப்ட் இதுதான்னு தெரபிஸ்ட் பலரும் சொல்றாங்க. மாத்தி பாருங்க, ஒரு தடவ சொல்லுங்க, மனசுக்குள்ள அஞ்சு எண்ணுங்க, செய்யலன்னா பேசாம பின்னாடி நின்னு கைய லேசா தொட்டு காட்டுங்க. அஞ்சு எண்றது யுகமா தெரியும், பரவால்ல. கைமேல கை வைக்கும்போது பிள்ளை கைய இழுத்துக்கிட்டா விட்டுடுங்க, இழுத்துப் புடிச்சு செய்ய வைக்கிறது பிராம்ப்ட் இல்ல.

மேண்ட், டாக்ட், எக்கோயிக், இன்ட்ராவெர்பல்

ஸ்கின்னர் 1957-ல எழுதுன வெர்பல் பிஹேவியர் புக்குல இருந்து வந்த வார்த்தைங்க இதெல்லாம். தண்ணிய வெச்சே சொல்றேன். தாகம் எடுத்து "தண்ணி"ன்னு கேட்டா மேண்ட். ஏரிய பாத்து "தண்ணி"ன்னு காட்டுனா டாக்ட். நாம "தண்ணி"ன்னு சொல்ல அவனும் "தண்ணி"ன்னா எக்கோயிக். "கொடத்துல என்ன இருக்கு?"ன்னு கேக்க, கொடம் கண்ணுல படாமலே "தண்ணி"ன்னா இன்ட்ராவெர்பல். "தண்ணிய எடுத்துட்டு வா"ன்னா எடுத்துட்டு வர்றது லிசனர் ரெஸ்பான்டிங். ஒரே வார்த்தை, ஆனா ஒண்ணு வந்தா இன்னொண்ணு தானா வரும்னு இல்ல. சார்ட்டுல நூறு படத்துக்கு பேரு சொல்ற பிள்ளை தாகத்துக்கு அழுதுட்டு நிக்கிறது இதனாலதான், டாக்ட் இருக்கு, மேண்ட் இல்ல.

வீட்டுல நாம பண்ண வேண்டியது மேண்ட். நாள் பூரா வாய்ப்பு கெடைக்கும். புடிச்ச பிஸ்கட்ட மூடி டைட்டான டப்பாவுல கண்ணுக்கு தெரியற மாதிரி வைங்க, ஊஞ்சல ஆட்டிட்டு நிறுத்துங்க, காத்திருங்க. "ஆ"ன்னாலும் கை நீட்டுனாலும் உடனே குடுங்க, நாளைக்கு "பி", அப்புறம் "பிக்கெட்", இப்படி கிட்ட கிட்ட வர வர ஏத்துறது ஷேப்பிங். "முழுசா சொன்னாத்தான்"னு அழ விடுறது ஷேப்பிங் இல்ல. பேச்சு வரலன்னா கார்டு குடுத்து கேக்குற பெக்ஸ் இருக்கு, ஆண்டி பாண்டி, லோரி ஃப்ராஸ்ட்னு ரெண்டு பேர் 1985-ல அமெரிக்காவுல டெலவேர்ல ஆரம்பிச்சது, இல்லன்னா டேப்ல ஆப் இருக்கு. கார்டு குடுத்தா பேச்சு வராம போயிடும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகுறதில்ல. அதே மாதிரி வீட்டுல தமிழ் சென்டர்ல இங்கிலீஷ்னா பிள்ளை கொழம்பிடும், ஒரே பாஷை பேசுங்கன்னு சொல்றதையும் நம்ப வேணாம், ரெண்டு பாஷை கேக்குறதால ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு பேச்சு கெட்டுப் போறதில்ல. பாட்டிகிட்ட பேச தமிழ்தானே வேணும்.

டிடிடி, நெட், ஜெனரலைசேஷன்

டேபிள்ல உக்கார வெச்சு "செவப்ப தொடு"ன்னு சொல்றது எஸ்டி, அதாவது நாம குடுக்குற கட்டளை, அவன் தொடுறது ரெஸ்பான்ஸ், நாம குடுக்கறது கான்சிக்குவென்ஸ், சின்ன கேப், மறுபடி. இதுதான் டிஸ்கிரீட் டிரையல் டிரெயினிங், டிடிடி. அதையே விளையாடும்போது, மார்க்கெட்ல தக்காளி எடுக்கும்போது பண்ணா நேச்சுரல் என்விரான்மென்ட் டீச்சிங், நெட். ரெண்டும் தேவை, ஆனா நோட்டு பூரா டிடிடி மட்டுமே இருந்தா கேள்வி கேளுங்க. மாஸ்டர்டு, அதாவது நல்லா கத்துக்கிட்டான்னு எழுதுறதுக்கு 80 பர்சன்ட், தொடர்ந்து சில செஷன்னு ஒரு அளவு வெச்சிருப்பாங்க. மாஸ்டர்டுன்னு வந்த அன்னைக்கே அத வீட்டுல வேற பொருள வெச்சு, வேற ஆள் கேட்டு, வேற மாதிரி வார்த்தையில பாருங்க. சென்டர்ல "டச் ரெட்"னா பிளாஸ்டிக் கட்டைய தொடுறவன் வீட்டுல "அந்த செவப்பு பக்கெட்ட கொண்டா"ன்னா முழிச்சா அது ஜெனரலைஸ் ஆகல, நோட்டுல அப்படியே எழுதி அனுப்புங்க. மெயின்டெனன்ஸ்னா மாசம் கழிச்சும் இருக்கான்னு பாக்குறது.

டாஸ்க் அனாலிசிஸ்னா ஒரு வேலைய சின்ன சின்ன படியா பிரிக்கிறது, செயினிங்னா அந்த படிங்கள கோக்குறது. டிரவுசர் போட கத்துக் குடுக்க பேக்வர்ட் செயினிங் ரொம்ப நல்லா இருக்கும்: எல்லாத்தையும் நீங்க போட்டு விட்டு முட்டிக்கு மேல இருந்து இடுப்பு வரைக்கும் இழுக்குறது மட்டும் அவன். அது வந்ததும் முட்டியில இருந்து, அப்புறம் கணுக்கால்ல இருந்து. ஒவ்வொரு தடவையும் முடிக்கிறது அவனா இருக்குறதால அலுப்பு வராது.

நோட்டுல எத பாத்தா யோசிக்கணும்

பழைய கதை கொஞ்சம் தெரியணும். லோவாஸ்னு ஒரு சைக்காலஜிஸ்ட் கலிஃபோர்னியாவுல யூசிஎல்ஏ யூனிவர்சிட்டில 1987-ல ஒரு ஆராய்ச்சி போட்டார், 19 சின்ன பிள்ளைங்களுக்கு வாரம் 40 மணி நேரம், அதுல 9 பேர் சாதாரண கிளாஸ்ல சாதாரண ஐக்யூவோட படிச்சாங்கன்னு. இன்னைக்கும் "40 மணி நேரம் வேணும்"னு சொல்றவங்க அங்க இருந்துதான் சொல்றாங்க. ஆனா அதுல பிள்ளைங்கள குலுக்கல் முறையில பிரிக்கல, சத்தமா "நோ"ன்னு கத்துறது, தொடையில அடிக்கிறது எல்லாம் அந்த முறையிலயே இருந்துச்சு. பனிஷ்மென்ட்ங்கிறதும் ஏபிஏ புக்குல இருக்குற வார்த்தைதான், ஒரு செயல கொறைக்கிற எதுவும் பனிஷ்மென்ட். ஆனா நம்ம பிள்ளை நோட்டுல அது வந்தா அப்பவே நிறுத்தி கேக்கணும், அடி, கிள்ளு, ரூமுல பூட்டுறது எதுக்கும் ஒத்துக்க வேணாம். மணி நேரக் கணக்குக்கும் மயங்காதீங்க, பிள்ளை தூங்கணும் விளையாடணும்.

இப்படி தெரபி எடுத்து வளந்த ஆட்டிஸ்டிக் பெரியவங்க பலர் இத கடுமையா எதுத்து பேசுறாங்க, எழுதுறாங்க, அத படிங்க. அவங்க சொல்றதுல முக்கியமானது ஸ்டிம்மிங், கைய ஒதறுறது, ஆடுறது, ஒரே சத்தம் போடுறது. அது யாரையும் காயப்படுத்தலன்னா அத நிறுத்துறத ஒரு கோல், அதாவது இலக்கா வைக்க வேண்டிய அவசியமே இல்ல. "கொயட் ஹேண்ட்ஸ்" (கைய ஆட்டாம வை), "ஐ கான்டாக்ட் 5 செகண்ட்"னு கோல் இருந்தா, இது பிள்ளைக்கு எதுக்கு உதவும்னு கேளுங்க. "கம்ப்ளையன்ஸ் 100 பர்சன்ட்"னு பாத்தா எனக்கு சந்தோஷம் வராது, யார் எத சொன்னாலும் செய்யற பிள்ளை வெளிய ஆபத்துல மாட்டும், "வேணாம்"னு சொல்லத் தெரிஞ்ச பிள்ளைதான் வேணும். டான்ட்ரம்னும் மெல்ட்டவுன்னும் மாத்தி மாத்தி எழுதுவாங்க. டான்ட்ரம்னா கேட்டது கெடைச்சா பெரும்பாலும் நிக்கும், மெல்ட்டவுன் கெடைச்சாலும் நிக்காது, ஏன்னா அது தாங்க முடியாம வர்றது. அந்த நேரத்துல எக்ஸ்டிங்ஷனும் வேணாம் டோக்கனும் வேணாம், லைட்ட கொறைங்க, சத்தத்த கொறைங்க, கூட இருங்க. இப்ப நல்ல சென்டர்ல அசென்ட்னு ஒரு வார்த்தையும் எழுதுறாங்க, பிள்ளையோட சம்மதம், பேச்சு வராத பிள்ளைன்னாலும் திரும்பிக்கிறதும் தள்ளி விடுறதும் அவனோட பதில்தான்னு எடுத்துக்கிறது. ஆரம்ப நாள்ல வேலையே வாங்காம பிள்ளையோட சும்மா விளையாடுறதுக்கு பேயரிங்னு பேரு, "மூணு நாளா விளையாடிட்டே இருக்காங்க"ன்னு அதுக்கு கோவப்படாதீங்க, மிஸ்ஸ பாத்தா பிள்ளை ஓடி வர்ற நெலம வரணும்.

சேரும்போது ஸ்பெஷல் எஜுகேட்டர், ஸ்பீச் தெரபிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் யாரா இருந்தாலும் ஆர்சிஐ-ல, அதாவது ரீஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியாவுல பதிவு இருக்கான்னு கேளுங்க, சிஆர்ஆர் நம்பர்னு ஒண்ணு இருக்கும், கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சுக்கிட்டா வேற எடம் பாக்கலாம். செஷன வெளிய இருந்தாவது பாக்க விடணும், கதவ சாத்திட்டு அழுகை சத்தம் மட்டும் கேக்குற எடம் வேணாம். மாசத்துக்கு ஒரு தடவ கிராஃப் கேளுங்க, அதுல ரெண்டே விஷயம் பாருங்க, ஐ கோடு மேல போகுதா, பிரச்சனை பிஹேவியரோட டியூரேஷன் கீழ வருதா. சில வாரமா ரெண்டும் படுத்தே கெடந்தா "ரீஇன்ஃபோர்சர் மாத்தலாமா, படிய இன்னும் சின்னதாக்கலாமா, ஃபங்ஷன் தப்பா புடிச்சிட்டோமா"ன்னு இந்த மூணையும் இதே வரிசையில கேளுங்க, கேக்கும்போது உங்க ஏபிசி நோட்ட கையில எடுத்துட்டு போங்க.